கதை கேட்கிறாள், படிக்க மறுக்கிறாள்: ஏழு வயது மகளுக்கு எத்தகைய தமிழ்ப் படக்கதை நூல்கள்?

வைகைக்கரையான் (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு இரண்டாம் வகுப்புக்குச் செல்கிறாள். ஆங்கில வழிப் பள்ளி என்பதால் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே இருக்கிறது. உயிர்மெய் எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்கிறாள். பாடநூலில் உள்ள சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறாள். இரவில் என் அம்மா சொல்லும் கதைகளைத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருப்பாள்; அப்பத்தா அசந்துபோய் நிறுத்தினாலும் இவள் விடுவதில்லை. ஆனால், அதே போன்ற ஒரு கதையைப் புத்தகமாகக் கையில் கொடுத்தால், இரண்டு பக்கம் புரட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு, தலையணைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறாள்.

சென்ற புத்தகக் காட்சியில் பத்து நூல்கள் கொண்ட ஒரு தொகுப்பை, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்க்காமலேயே வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் ஒவ்வொரு பக்கத்திலும் பதினெட்டு, இருபது வரிகள் இருப்பதும், மேல் மூலையில் அஞ்சல்தலை அளவில் ஒரு படம் ஒட்டிக்கொண்டிருப்பதும், ஒவ்வொரு கதையின் முடிவிலும் கட்டத்துக்குள் ஒரு நீதி அச்சிடப்பட்டிருப்பதும் தெரிந்தது. அட்டையில் ‘5 முதல் 8 வயது வரை’ என்று போட்டிருந்ததை நம்பியது என் தவறு.

ஒரு பக்கத்தில் எவ்வளவு எழுத்து இருந்தால் இந்த வயதுக் குழந்தை சலிப்படையாமல் படிக்கும் என்பதையும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழி நூல்கள் உதவுமா கெடுக்குமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட சிறுவர் நூல்கள் சிலவற்றையும் பார்த்தேன். அவற்றைக் கொடுத்தால் எழுத்துத் தமிழ் வராமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் (தென்காசி மாவட்டம்):

வணக்கம் ஐயா. அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தவற்றைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

எழுத்துகளை அறிந்திருப்பதற்கும் ஒரு கதையைப் படிப்பதற்கும் நடுவில், பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்ட ஒரு கடினமான இடம் இருக்கிறது. ‘காகம்’ என்று எழுதினால் முதலில் நிற்கும் ககர வரிசை எழுத்துக்கு ஓர் ஒலி, நடுவில் நிற்பதற்கு வேறோர் ஒலி. ‘தங்கம்’ என்னும்போது இன்னும் ஒன்று. எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டும் குறி எதுவும் இல்லை. சொல் முன்பே காதில் விழுந்து பழகியிருந்தால்தான் குழந்தையின் நாக்கு சரியான ஒலியைத் தேர்ந்தெடுக்கும். ஆகையால், தமிழில் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு வரிகளின் எண்ணிக்கையைவிட, அந்த வரிகளில் உள்ள சொற்களை அது வீட்டில் கேட்டிருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி.

கேட்டுப் பழகிய சொல்லும் எழுத்தில் வேறு உருவத்தில் வந்து நிற்பது அடுத்த இடைஞ்சல். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன், ‘கிணற்றுக்குள்’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். நான்காம் முறை முகம் மலர்ந்து, “கெணத்துக்குள்ளயா டீச்சர்?” என்று கேட்டான். அவன் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருக்கிறது. இருந்தும் அந்தச் சொல்லில் இருந்த கிணறு அவனுக்கு அதுவரை தெரியவில்லை. ‘நேத்து’ என்று பேசும் குழந்தை ‘நேற்று’ என்பதையும், ‘வச்சுக்கிட்டு’ என்று பேசும் குழந்தை ‘வைத்துக்கொண்டு’ என்பதையும் இப்படித்தான் புதிய சொல்லாக எதிர்கொள்கிறது. இந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள படம் பெரிதும் உதவும். படத்தில் கிணறு தெளிவாக இருந்திருந்தால், அவன் முதல் முறையிலேயே பிடித்திருப்பான்.

மூன்றாவதாக, சொல்லின் நீளம். ‘காத்துக்கொண்டிருந்தார்கள்’ என்னும் ஒரே சொல்லில் பதின்மூன்று எழுத்துகள் உள்ளன. அதைக் கூட்டிப் படிக்கும் குழந்தை கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். அதிலும் ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பு முதலில் நிற்க, எழுத்து நடுவில் நிற்க, கால் பின்னால் நிற்க, கண்ணுக்கு மூன்று உருவங்களாகத் தெரிவதை ஓர் ஒலியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘காத்திருந்தார்கள்’ என்று எழுதினால் கதைக்கு எந்த இழப்பும் இல்லை. நல்ல சிறுவர் எழுத்தாளர்கள் இதை அறிந்திருப்பார்கள். பெரியவர்களுக்கான கதையைச் சுருக்கித் தருபவர்கள் அறிவதில்லை.

கடையில் நூலை வாங்குவதற்கு முன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, உங்கள் மகளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் புரியாமல் அவள் நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். இரண்டு மூன்று வரிகளே உள்ள பக்கத்தில் இரண்டு விரல்களுக்கு மேல் மடங்கினால், அந்த நூல் நீங்கள் படித்துக்காட்ட வேண்டிய நூல். அவள் தானாகப் படிக்க வேண்டிய நூல் அன்று. இரண்டு வகையும் வீட்டில் இருக்கட்டும், ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கையில் திணித்துவிடக் கூடாது. நீங்கள் கேட்ட வரிக்கணக்குக்கு என் விடை, இப்போதைக்குப் பக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு வரிகள். அவளே மேலும் கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

அட்டையில் போடும் வயதை நான் பார்ப்பதே இல்லை. எங்கள் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்தே பிரிக்கிறோம். பின்னர் வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களையும் நுழை, நட, ஓடு, பற என்று நிலைகளாக்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பெயர்கள்தான். ‘5 வயதுக்கு’ என்று போட்ட நூலை எட்டு வயதுச் சிறுவன் கூச்சத்தால் எடுக்க மாட்டான். ‘நுழை’ என்று போட்டதை எடுப்பதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பழம்புத்தகப் பித்தன் (கும்பகோணம்):

டீச்சர் சொல்வதில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் இவ்வளவு கணக்குப் பார்த்தா நாங்கள் படித்தோம் என்ற எண்ணம் எழுகிறது. அம்புலிமாமா வீட்டுக்கு வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை நடக்கும். பக்கத்துக்கு எத்தனை வரி என்று யாரும் எண்ணவில்லை. படத்தை அதிகமாகக் கொடுத்தால் குழந்தை படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துவிட்டு, எழுத்துப் பக்கம் திரும்பாமல் போய்விடும் என்பது என் கருத்து. முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் நடப்பதை இன்று நினைத்தாலும் மனக்கண்ணில் தெரிகிறது.

மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் பின்னாளில் ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய சிறுவர் நூல்கள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றில் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இன்றும் உள்ளது. பழைய புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கும்; வைகைக்கரையான் அவற்றை வாங்கிக் கொடுக்கலாம்.

வண்ணக்கோடு (சென்னை):

நான் சிறுவர் நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்பவள். ஆகவே படத்தின் பக்கம் நின்றுதான் பேசுவேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பித்தன் ஐயா, தோளில் வேதாளமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கும் அந்தக் காட்சி உங்கள் மனக்கண்ணில் தெரிவதற்குக் காரணம், அதை ஓவியர் சங்கர் மாதந்தோறும் வரைந்தார் என்பதுதான். 1947 ஜூலையில் அம்புலிமாமா தொடங்கியது முதலே ஓவியம் அதற்கு உயிராக இருந்தது. 2020இல் சங்கர் மறைந்தபோது, கதையை எழுதியவர் யார் என்று தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பகிர்ந்து அஞ்சலி செலுத்தினார்கள். நீங்கள் படத்தோடு சேர்த்தே படித்திருக்கிறீர்கள். படம் இருந்ததால் எழுத்தை விட்டுவிடவும் இல்லை.

ஆனால், உங்கள் அச்சத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எழுத்து சொல்வதையே படமும் திரும்பச் சொன்னால், குழந்தைக்கு இரண்டில் ஒன்று வேண்டாததாகிவிடும். ‘குரங்கு மரத்தில் ஏறியது’ என்ற வரிக்கு மேல் குரங்கு மரத்தில் ஏறும் படம் மட்டும் இருந்தால் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது? அதே வரிக்கு, குரங்கின் வாலில் யாருடைய துண்டோ சிக்கியிருப்பதாகவும், கீழே துண்டுக்கு உரியவர் அண்ணாந்து பார்ப்பதாகவும் வரைந்திருந்தால், குழந்தை அந்தப் பக்கத்தில் நிற்கும், ‘யார் துண்டு?’ என்று கேட்கும்; முந்தைய பக்கத்தைப் புரட்டி அந்த மனிதரைத் தேடும். கடையில் நான் செய்யும் சோதனை எளிமையானது. எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பார்ப்பேன். பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிப்பேன். இரண்டு முறையும் முழுக்கதையும் கிடைத்துவிட்டால் அந்த நூலைத் திரும்ப வைத்துவிடுவேன்.

மாஸ்கோ நூல்களின் ஓவியங்களுக்கு நானும் அடிமை. ஆனால் அவற்றில் வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் அச்சான நூல்களில் ‘ணை’, ‘லை’, ‘றா’, ‘னோ’ போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். லகர ஐகாரத்தின் தலையில் துதிக்கை போல ஒரு கொக்கி வளைந்து நிற்பதை நாம் இரசிப்போம். எழுத்தை இப்போதுதான் கற்ற குழந்தை அதைத் தன் தவறு என்று எண்ணிக்கொள்ளும். அவற்றை மடியில் வைத்துப் படித்துக்காட்டலாம். அவள் தானாகப் படிப்பதற்குக் கொஞ்ச காலம் போகட்டும்.

அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெற்றோர் பார்ப்பதே இல்லை. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறித்து, இணைப்புக் கோடுகூட இல்லாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் உண்டு. ‘ஓடி’ என்று ஒரு வரி முடிந்து, ‘னான்’ என்று அடுத்த வரி தொடங்கும். நமக்கு அது கண்ணில் படாது. குழந்தை ‘ஓடி’ என்று நிறுத்தி, ‘னான்’ என்றால் என்ன என்று விழிக்கும். இருபுறமும் வரியைச் சமமாக்கிய பக்கங்களில் இது அதிகம். இடப்புறம் மட்டும் ஒழுங்காகவும், ஒவ்வொரு வரியும் மூச்சு விடும் இடத்தில் முடிவதாகவும் உள்ள நூலைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மீதே எழுத்தை அச்சிட்ட பக்கங்களையும் உற்றுப் பாருங்கள். இலையும் புல்லும் நிறைந்த பின்னணியில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடும். புள்ளி போனால் சொல்லே வேறாகிவிடும். அழகுக்காகத் தேர்ந்தெடுத்த சில எழுத்துருக்களில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடே தெரியாது. ‘பாரம்’ என்ற சொல்லை அப்படி ஓர் எழுத்துருவில் ஒரு குழந்தை படிக்கப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, நான் அந்த எழுத்துருவைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன்.

எங்கே தேடுவது என்றால், சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படநூல்களைத் தருகிறது. அவர்களுடைய இருமொழி நூல்களும் புகழ்பெற்றவை. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் நூல்கள் கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் முன், செலவே இல்லாமல் தொடங்க வேண்டுமானால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்துக்குச் செல்லுங்கள். தமிழ்க் கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொது உரிமத்தில் உள்ளவை என்பதால் இறக்கி, அச்செடுத்து, தைத்துக் கொடுப்பதில் சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் நிலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல மொழிகளுக்கும் பொதுவாக, முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள் என்று அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். டீச்சர் சொன்ன பதின்மூன்று எழுத்துச் சொல்லும் அந்தக் கணக்கில் ஒரே சொல்தான். மொழிபெயர்ப்புகளில் சில நன்றாகவும், சில மூலத்தின் வாக்கியத்தை அப்படியே இழுத்து வந்தவையாகவும் இருக்கும். உரக்கப் படித்துப் பார்த்தால் எது எது என்று காது சொல்லிவிடும்.

இருமொழி நூல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தமிழும் மற்றொருவருக்கு ஆங்கிலமும் எளிதாக வரும் குடும்பங்களில் அது அருமையான பாலம். உங்கள் மகளோ ஆங்கில வழியில் படிப்பவள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் கண் தனக்கு எளிதான வரிக்கே போகும். இப்போதைக்குத் தமிழ் மட்டும் உள்ள நூல்களாகப் பார்த்து வாங்குங்கள்.

வைகைக்கரையான்:

டீச்சருக்கும் வண்ணக்கோடு அவர்களுக்கும் மிக்க நன்றி. அந்தப் பத்து நூல்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சொல் முறிந்திருக்கிறது. ஓரிடத்தில் ‘வேண்’ என்பது பக்கத்தின் கடைசியிலும் ‘டும்’ என்பது அடுத்த பக்கத்தின் தொடக்கத்திலும் இருக்கிறது. பேச்சுத் தமிழ் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. என் மனைவிக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: “பேசுவதைத்தான் நாள் முழுவதும் பேசுகிறாளே, புத்தகத்திலும் அதுவே எதற்கு?”

வடமராட்சி அம்மா (யாழ்ப்பாணம்):

வணக்கம். எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொன்னால் உதவக்கூடும் என்று எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கதைப்புத்தகங்களில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. அவற்றில் எழுத்துத் தமிழில் உள்ளவற்றை என் மகன் சிரமமின்றிப் படிக்கிறான், ஏனென்றால் அந்தத் தமிழ் இரு கரைக்கும் பொது. சென்னைப் பேச்சில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்தபோது ‘கெளம்பிட்டாங்க’ என்ற சொல்லில் நின்று, இது எந்த மொழி என்று கேட்டான். ஆகவே பேச்சுத் தமிழ் என்று ஒன்றைச் சொல்லும்போது, அது யாருடைய பேச்சு என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். மதுரைப் பிள்ளைக்குச் சென்னைப் பேச்சு எவ்வளவு நெருக்கம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொதுத் தமிழிலும் சறுக்கல் வரும். ஒரு கதையில் சிறுமி ‘சர்க்கரை’யைப் பாலில் போட்டுக் கலக்குகிறாள், படத்தில் வெள்ளையாக இருக்கிறது. எங்களுக்குச் சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தில் பனையிலோ கரும்பிலோ வருவது. வெள்ளையாக இருப்பது சீனி. படத்தில் பிழை என்று மகன் உறுதியாகச் சொன்னான். நான் திருத்தவில்லை, அந்த ஊரில் சீனிக்கு அப்படிப் பெயர் என்று சொன்னேன். அதன் பிறகு அந்தப் புத்தகத்தில் வேறு என்னென்ன ‘அந்த ஊர்’ச் சொற்கள் இருக்கின்றன என்று தேடுவதற்காகவே மூன்று முறை படித்துவிட்டான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:

யாழ்ப்பாணத்து அம்மா கேட்ட ‘யாருடைய பேச்சு’ என்ற கேள்வியை எங்கள் ஊர்ப்பக்கமும் நான் எதிர்கொள்கிறேன். என் வகுப்பில் பயன்பட்ட வழி, கதையை எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் வைத்திருக்கும் நூல்கள். ‘என்று நரி சொன்னது’ என்பதை ஒரு குரலிலும், நரி பேசுவதை வேறொரு குரலிலும் குழந்தைகள் படிப்பார்கள். இரண்டு தமிழுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. குரல் மாறும் இடத்தில் அவர்களே உணர்ந்துகொண்டார்கள். முழுக்கப் பேச்சில் உள்ள நூலையும் நான் விலக்க மாட்டேன். எழுத்துக்கூட்டும் உழைப்புக்கு உடனே பொருள் கிடைக்கும் மகிழ்ச்சியை அது கொடுக்கும். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘பண்ணிட்டிருக்கேன்’ என்று எழுதுவதா, ‘பண்ணிக்கிட்டிருக்கேன்’ என்று எழுதுவதா என்பதற்குப் பொதுவிதி இல்லாததால், நூலுக்கு நூல் எழுத்துக் கூட்டல் மாறும். படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்த மாற்றம் சுமை. உங்கள் துணைவியாரிடம், உரையாடல் மட்டும் பேச்சில் இருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலேயே அப்பத்தா இருக்கிறார். தன் பெயரையே மறந்துபோன ஈ, கன்றுக்குட்டியிடமும் அதன் தாயிடமும் மேய்க்கும் இடையனிடமும் அவன் கைக்கோலிடமும் போய்க் கேட்டு, கடைசியில் குதிரை கனைக்கும்போது தன் பெயரைக் கண்டுபிடிக்கும் கதையை அவர் கட்டாயம் அறிந்திருப்பார். ஒவ்வொரு முறையும் பழைய வரியோடு ஒரு சொல் மட்டும் புதிதாகச் சேரும் இத்தகைய அடுக்குக் கதைகளைப் போல, படிக்கத் தொடங்கும் குழந்தைக்குப் பொருத்தமானது வேறில்லை. அடுத்த வரி என்ன என்று முன்பே தெரிவதால் கண் எழுத்தைத் தேடிப் போகும். அச்சில் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

நீதிக் கட்டத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். என் பள்ளிக்கு வந்த நூல்களில் அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுவேன். கதை முடிந்ததும் பரீட்சை வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த கதையை எடுக்கும் கை தயங்கும்.

வைகைக்கரையான் (ஆறு வாரங்களுக்குப் பிறகு):

நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. முதலில் எதையும் வாங்கவில்லை. புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அழைத்துச் சென்றேன். நான் எடுத்துக் கொடுத்தவற்றை அவள் மரியாதைக்குப் புரட்டினாள். தானாக எடுத்தது, குளத்தை விட்டு வெளியே வர மறுக்கும் ஓர் எருமையைப் பற்றிய நூல். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். அவள் வயதுக்கு மிகவும் எளிது என்று என் நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அதை அங்கேயே தரையில் அமர்ந்து இரண்டு முறை படித்தாள். அந்தப் பதிப்பகத்தின் வேறு நான்கு நூல்களைப் பிறகு அஞ்சலில் வரவழைத்தோம். அவற்றில் இரண்டைத் தொடவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எருமைக் கதையை அவருக்குப் படித்துக்காட்டத் தொடங்கியவள், ‘எருமை நகரவில்லை’ என்று படித்துவிட்டு, அப்பத்தாவுக்குப் புரிவதற்காக “நகரவே இல்ல அப்பத்தா” என்று தானாகவே மாற்றிச் சொல்கிறாள். அம்மாவோ, எருமையை அப்படியெல்லாம் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வராது, படம் போட்டவருக்கு மாடு வளர்த்துப் பழக்கமில்லை என்று குறை சொல்கிறார். இந்த விவாதம் தினமும் நடக்கிறது. பேச்சா எழுத்தா என்ற எங்கள் வீட்டு வழக்கு அத்துடன் தள்ளுபடியாகிவிட்டது.

ஈக் கதை அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. டீச்சர் சொன்ன வரிசையிலிருந்து சற்று மாறுபட்டாலும், அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் வருகிறது. பெரிய எழுத்தில் நான் எழுத, அவள் படம் வரைகிறாள். கன்று, பசு, இடையன் வரை முடிந்துவிட்டது. குதிரையை வரைய வராததால் மூன்று நாளாக வேலை நிற்கிறது. வண்ணக்கோடு அவர்களிடம் ஒரு சிறு ஐயம்: சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடு மடிப்பு வரை எட்டவில்லை. என்ன செய்வது?

வண்ணக்கோடு:

ஸ்டேப்ளரை விட்டுவிடுங்கள். குழந்தையின் விரலில் கம்பி குத்தும். நான்கு தாளைச் சேர்த்துத் தைப்பதற்கு நூலே வலுவானது. தாள்களை மடிப்பில் ஒழுங்காக அடுக்கி, மடிப்பின் மேலேயே நடுவில் ஒன்றும் இருபுறமும் இரண்டு விரல்கடை தள்ளி ஒவ்வொன்றுமாக மூன்று துளைகளைக் கோணியூசியால் போட்டுக்கொள்ளுங்கள். இரட்டையாக்கிய தையல் நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே எடுத்து, அங்கிருந்து உட்புறமாக நடுவைத் தாண்டிக் கீழ்த்துளைக்குக் கொண்டுபோய் வெளியே விட்டு, மீண்டும் நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுங்கள். அட்டைக்குப் பழைய நாட்காட்டியின் தடித்தாள் போதும்.

குதிரைக்கு அவசரம் இல்லை. முழுக்குதிரை வராவிட்டால், பக்க ஓரத்திலிருந்து வாயைத் திறந்து கனைக்கும் தலையை மட்டும் நீட்டி வரையச் சொல்லுங்கள். ஈ எந்தப் பல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.